கூறைச்சேலையின் ஓரத்து ஓட்டைகள்

நினைவு என்று சொன்னாலே மூக்கைச் சிந்த ஆரம்பிக்கிற என் வயதுக்காரிகளே, முந்தானையை இடுப்பிலேயே செருகி வையுங்கள். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. ஊர் அழகாக இருந்தது, மனிதர்கள் தங்கமாக இருந்தார்கள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதும் இல்லை. பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் நான் பிறந்து வளர்ந்த வளவில் நல்ல ஜீவன் என்று தேடினால் இரண்டு எருமைகள் தேறும். அதிலும் ஒன்று முட்டும்.

எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்பு வரை போனேன், அதுவும் மதியம் போடுகிற உப்புமாவுக்காக. மலையாளத்துக்கு ஒரு டீச்சர், தமிழுக்கு ஒரு டீச்சர். இரண்டு பேரும் அடித்தார்கள். மலையாள டீச்சர் அடித்தது கொஞ்சம் கூடுதலாக வலித்தது, அவ்வளவுதான் எனக்கு மொழி விஷயத்தில் தெரிந்த வித்தியாசம்.

ஆனால் உங்களில் யாருக்கும் இல்லாத ஒரு பெருமை எனக்கு உண்டு. ஒன்பது வயதில், கழுத்து நிறைய நகையோடு, மாப்பிள்ளை பக்கத்தில் மணவறையில் நின்றவள் நான். மாப்பிள்ளை என் பெரியப்பாவின் மகன். எனக்கு அண்ணன் முறை. பதறாதீர்கள், விஷயம் வேறு.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையின் சகோதரி, மணப்பெண் போலவே அலங்கரித்துக்கொண்டு, பேழை என்கிற மூங்கில் கூடையோடு அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். அந்தக் கூடையில் கூறைச்சேலை இருக்கும். தாலி கட்டும்போது மணப்பெண் உடுத்த வேண்டிய பட்டு அது. அதன் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிப்பான், மறுமுனையைச் சகோதரி பிடிப்பாள். உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் நாளைக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு, நீ பிறந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று ஊர் முன்னால் ஒத்துக்கொள்வதாக அர்த்தம். அன்றைக்கு அந்த முனையைப் பிடிக்காமல் விட்டவள், அப்புறம் எந்தக் காலத்திலும் அந்த வாசலில் உரிமையோடு செருப்பைக் கழற்றிப் போட முடியாது.

அண்ணனுக்குச் சொந்த அக்கா ஒருத்தி இருந்தாள். கல்லு மாதிரி உயிரோடு இருந்தாள். பிறகு ஏன் பங்காளி வீட்டுச் சளிமூக்கியான என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்? அங்கேதான் என் பெரியம்மா வருகிறாள்.

அதற்குச் சில வருஷம் முன்னால் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கம்பம்மெட்டுப் பக்கம், ஏலக்காய்த் தோட்டக்காரர்கள். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் ஏலக்காய் மணத்தது. எங்கள் வளவில் மணக்கக்கூடியது சாணம் மட்டும் என்பதால் நான் அவர்கள் பின்னாலேயே மோந்துகொண்டு திரிந்தேன். அவர்கள் கொண்டு வந்த கூறையைப் பெரியம்மா தட்டிலிருந்து எடுத்தாள். கையை முழுசாக நீட்டிப் பிடித்தாள். கண்ணைச் சுருக்கினாள். ஓரத்தைத் தடவினாள்.

"ஏனுங்க சம்பந்தி, இது தறிச்சேலைங்களா?"

"ஆமா மதினி. கைத்தறிதான். தறிக்காரர் வீட்டுக்கே போயி எடுத்தாந்தோம்."

"அப்பிடீன்னா ஓரத்துல ஊசி ஓட்டை இருக்கோணுமே. எங்கீங்க?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் துணி அகலம் சுருங்காமல் இருக்க ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்து இழுத்துப் பிடிப்பார்கள். குச்சியின் இரண்டு நுனியிலும் ஊசி இருக்கும். நெய்ய நெய்ய அதை நகர்த்திக் குத்திக்கொண்டே போவதால் சேலையின் இரண்டு ஓரத்திலும் எறும்பு நடந்த தடம் மாதிரிப் பொடிப்பொடி ஓட்டைகள் விழும். ஓட்டை இருந்தால் கைத்தறி, இல்லாவிட்டால் மில் துணி. பெரியம்மாவுக்கு அதுதான் சட்டம்.

"இருக்கு மதினி, நல்லாப் பாருங்க."

"எனக்குக் கண்ணு என்ன பொடனீலயா இருக்குது? இது மில்லுச் சேலை. இதை எங்க எருமைக்குப் போத்துனா அது பால் கறக்காது."

பந்தல் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. கல்யாணம் நடந்தது. அக்கா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கினாள். ஜீப்பில் ஏறும் முன் பெரியம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஓட்டை இருக்குதுங்கம்மா. நான் பாத்தனுங்க."

"ஏறுறதுக்கு முன்னாலயே அவிய பக்கம் பேச ஆரம்பிச்சுட்டயா? போ. அங்கயே கெட."

அங்கேயே கிடந்தாள். தன் மாமியாரைப் பழித்த சொல்லைப் பெரியம்மா திரும்ப வாங்காத வரை பிறந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். தண்ணி மிச்சம் என்று பெரியம்மா பதில் அனுப்பினாள்.

எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே வளவில் எதிரெதிராக இருந்தன. பெரியம்மா என்னை ஒரு ஆளாக மதித்தது ஊசி கோர்க்கும்போது மட்டும்தான். "ஏ புள்ளே, இந்த ஊசியைக் கோத்துக் குடு, எனக்குச் சோலி கெடக்குது" என்று அங்கிருந்து சத்தம் போடுவாள். போனால் சோலி எதுவும் இருக்காது, மடியில் ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோர்த்துக் கொடுத்தால், "இத்தனை நேரமா?" என்பாள். அவள் சமைத்த சோற்றில் கல் கடிபடும். அதற்கு ரேஷன் கடைக்காரனின் ஏழு தலைமுறைக்கும் வசவு விழும். இதையெல்லாம் நான் தினமும் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்? என் மூளைதான் மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிட்டதே.

அண்ணனுக்குப் பெண் முடிவானது. அன்றைக்கு மாலையே பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அறிவித்தாள்.

"இணைச்சீருக்கு உன்ற புள்ளையத்தான் நிறுத்தப் போறன்."

"ஏனுங்க்கா, கூடப் பொறந்தவ இருக்கறப்ப..."

"எனக்கு ஒரு பையன்தான். பொண்ணு இருந்தா. மலையேறிப் போயிட்டா."

கூடவே வந்திருந்த பெரியப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமானார். அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவருக்கு உடனே வெற்றிலை ஞாபகம் வந்துவிடும். சண்டைகள் அதிகம் என்பதால் அவர் பல் எல்லாம் சிவப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நகை போடுவார்கள், பூ வைப்பார்கள், ஊரே என்னைப் பார்க்கும். பெரியம்மா என்னை நிறுத்தி வைத்துப் பழக்கினாள். கூடைக்குப் பதில் முறத்தைக் கொடுத்து நடக்கச் சொன்னாள். "நேரா நட. கோழி திருடப் போறவ மாதிரி பம்மாத. பல்லை மூடு. அந்த வாயை வெச்சுக்கிட்டு உன்னை எவன் கட்டுவான்?" என்பாள். நான் பல்லை மூடுவேன். மூடினால் மூச்சு விட முடியாது. எனக்கு எப்போதும் மூக்கு அடைத்தே இருக்கும்.

ஒரு நாள் அண்ணன் என்னைக் கிணற்றடியில் பிடித்தான்.

"ஏ சளிமூக்கி, அக்கா வந்து நான்தான் நிப்பேன்னா நீ என்ன பண்ணுவே?"

"கடிச்சு வெச்சுருவன்."

அண்ணன் சிரிக்கவில்லை. அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச அவனுக்கு வாய் கிடையாது. அதனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வந்து கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கோ அக்கா மேல் எரிச்சல். என் நகையைப் பறிக்க வருகிறவள் என்பதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எந்த யோசனையும் இல்லை.

அக்காவிடமிருந்து ஆள் வந்தது. "நான் வருவேன். நான்தான் நிப்பேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வரட்டும்," என்றாள் பெரியம்மா. "பந்தியில உக்காந்து தின்னுட்டுப் போகட்டும். கூடைப் பக்கம் வந்தா கையை ஒடிச்சுப் போடுவன்."

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது சித்தூர்ப் பக்கத்திலிருந்து தறிக்காரர் கூறையைக் கொண்டு வந்தார். வெள்ளைத் துணியில் சுற்றிய மூட்டை. அவிழ்த்ததும் புதுப் பட்டு வாசம் வந்தது. ஊறவைத்த அரிசியையும் நனைந்த பூனையையும் ஒரே அறையில் பூட்டி வைத்தால் என்ன வாசம் வருமோ, அது. பெரியம்மா விரித்தாள். அரக்குச் சிவப்பில் ஒரு சேலை முழுசாக வந்து முடிந்தது. முடிந்த இடத்தில் அறுபடவில்லை. ஒரு சாண் நீளத்துக்கு நெய்யாத வெறும் சிவப்பு நூல் கற்றை. அதைத் தாண்டி இன்னொரு சேலை. அதே சிவப்பு நூலில் பச்சையைக் குறுக்கே ஓட்டி நெய்தது. ஒரு பக்கம் பார்த்தால் சிவப்பு, திருப்பினால் பச்சை.

"என்னங்க இது, ஒண்ணு கேட்டா ரெண்டு கொண்டாந்திருக்கறீங்க?"

"சிவப்பு கூறைங்க. பச்சை உங்க மகளோடதுங்க. ஆள் அனுப்பிச்சுச் சொல்லிச்சுங்க. கூறைக்கும் இணைச்சீர்காரிக்கும் ஒரே பாவுல நெய்யறதுதானுங்களே வழக்கம். ஒரே ஊட்டுச் சேலை, அதான் சேர்த்தே போட்டுட்டனுங்க."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல். ஒரே பாவில் பிறந்த சேலைகள் அக்கா தங்கை மாதிரி என்பார்கள் தறிக்காரர்கள். எங்கள் வீட்டு அக்கா தங்கைகளை அவர்கள் பார்த்ததில்லை.

"அறுத்துக் குடுங்க," என்றாள் பெரியம்மா.

"அய்யோ, நாங்க அறுக்கக் கூடாதுங்க. அந்த நூலை ஊட்டுல பொறந்த புள்ளைதான் சாமி முன்னால அறுக்கோணும்."

"நான் அறுக்கறன் பெரியம்மா!" என்று நான் குதித்தேன்.

பெரியம்மா என்னையும் பார்த்தாள், சேலையையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அவளுக்கு யோசனை வந்தால் வளவில் கோழிகூடக் கத்தாது.

"அறுத்தா அவளுது அவளுக்குப் போயிரும். அறுக்க வேண்டாம். இப்பிடியே மடிச்சுக் கூடையில வையி. எதைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கறான்னு பாக்கறன்."

"அம்மா, அறுக்காம கூடையில வெக்கறதில்லீங்க..."

"சோறு ஆயிருச்சு. போயி உண்ணுங்க."

தறிக்காரர் உண்ணப் போனார். முதல் வாயிலேயே கல் கடிபட்டது. சத்தம் எனக்குக் கேட்டது.

கல்யாணம் எங்கள் வளவிலேயே பந்தல் போட்டு நடந்தது. விடிந்ததும் என்னை அலங்கரித்தார்கள். யாருடையதோ ரவிக்கை. முதுகில் கோழிமுட்டை அளவு இடைவெளி விட்டுவிட்டு ஊக்கு குத்தியிருந்தார்கள். மூச்சை இழுத்தால் ஒரு ஊக்கு குத்தும், விட்டால் இன்னொன்று குத்தும். ஒட்டியாணம் இடுப்பில் நிற்காமல் முழங்காலுக்கு வந்தது. நான் கண்ணாடியில் என்னைப் பார்த்து அழகி என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால் மாரியம்மன் கோவில் திருவிழாவில் வேஷம் கட்டிய குரங்கு ஞாபகம் வருகிறது.

ஜீப் வந்தது. அக்கா இறங்கினாள். அவள் கட்டியிருந்தது அதே சேலை, பெரியம்மா மில் சேலை என்று பழித்த அவளுடைய கூறை.  பெரியம்மா வாசலிலேயே மறித்தாள்.

"அந்த மில்லுச் சேலையைக் கட்டிக்கிட்டு என்ற வாசலுக்கே வாரயா?"

"வேற கட்டலாமுன்னுதான் தறிக்காரர்கிட்டச் சொல்லியிருந்தனுங்க. அது எங்கீங்கம்மா?"

"எனக்கென்ன தெரியும்? மலையில தேடு."

"தேடறனுங்க. இங்கயே தேடறன்."

அம்மாவுக்கு 'ங்க' போட்டுப் பேசுவது எங்கள் பக்கம் மரியாதை. அக்கா போட்ட ஒவ்வொரு 'ங்க'வும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சடங்கு தொடங்கியது. எங்கள் கல்யாணங்களை நடத்தி வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். எங்களுக்கு வாய்த்த அருமைக்காரருக்குக் காது கேட்காது. மேலே இருக்கிற சிவப்பின் இரண்டு முனையை மட்டும் எடுங்கள் என்று பெரியம்மா அவரிடம் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள். அவர் "ஆகட்டும் ஆகட்டும்" என்று தலையாட்டினார். அவருக்கு எதைச் சொன்னாலும் ஆகட்டும்தான்.

நான் கூடையோடு அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். கூடை கனத்தது. அருமைக்காரர் சிவப்பு முனையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். பிறகு மறுமுனைக்காகக் கூடையின் அடியில் கைவிட்டுத் துழாவினார். இழுத்தார். பச்சை வந்தது. வந்துகொண்டே இருந்தது. அதை என் கையில் திணித்தார். நடுவில் சிவப்பும், வெறும் நூலும், பச்சையுமாகச் சேலை மலைப்பாம்பு மாதிரி மணவறை முழுக்கக் குவிந்தது.

"என்னடா இது, ரெண்டு சேலை!"

"அறுக்காமயே வெச்சிருக்கறாங்க. பொறந்த புள்ளை அறுக்கலியா?"

"எங்கிருந்து அறுக்கறது? பொறந்தவ வாசல்ல நிக்கறா."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பச்சை என்னுது." மணவறையில் ஏறி என் கையைப் பிடித்தாள். "புள்ளே, உடு."

"உட மாட்டன்."

"உடுடி. என்ற தம்பி, என்ற சேலை."

"பெரியம்மா என்னத்தான் புடிக்கச் சொன்னாங்க! நீ போயி பந்தியில தின்னு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா இழுத்தாள். நான் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டேன். முதுகில் ஊக்குகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அண்ணன் சிவப்பு முனையைப் பிடித்தபடி பூசணிக்காய் மாதிரி நின்றான்.

பெரியம்மா வந்தாள். கையில் கத்தி. பந்திக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தவரிடமிருந்து பிடுங்கி வந்தது.

"உன்ற பங்கு வேணும், அவ்வளவுதான? இந்தா. எடுத்துக்கிட்டு மலையேறு."

நூல் பகுதியை அறுத்து, பச்சையை அக்கா முகத்தில் விட்டெறிந்துவிட்டு, சிவப்பை என் கையில் கொடுத்துச் சடங்கை முடிப்பது அவள் திட்டம். குனிந்து குவியலில் கைவிட்டாள். ஒரு கொத்தை வாரிப் பிடித்தாள். கையை நீட்டிப் பார்த்தாள். நூலும் சிவப்பு, சேலையும் சிவப்பு.

"அம்மா, அங்க இல்ல! நூலு இக்கட்ட இருக்குது!" என்று கத்தினான் அண்ணன். அவன் அம்மாவை எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை.

"எனக்குத் தெரியும், வாயை மூடு!"

கத்தியை ஒரே இழுப்பு இழுத்தாள். இலை நறுக்குகிற கத்தி, கூர்மைக்குக் கேட்க வேண்டுமா? அவள் பிடித்திருந்தது மடிப்பு மடிப்பாகக் கிடந்த சிவப்புச் சேலையை. துண்டு துண்டாக விழுந்தது. வெறும் நூல் கற்றை அவள் முழங்கைக்குக் கீழே ஒன்றும் ஆகாமல் ஆடிக்கொண்டிருந்தது.

நாதஸ்வரக்காரர் பாதி வாசிப்பில் நிறுத்தினார். காது கேட்காத அருமைக்காரருக்கே அந்த அமைதி கேட்டது.

பெண்ணின் அப்பா எழுந்தார். "கூறையை வெட்டிப் போட்டாச்சு. இப்ப என்ற புள்ளை எதைக் கட்டிக்கிட்டுத் தாலி வாங்கும்? முகூர்த்தம் போகுது. சொல்லுங்க, இல்லீன்னா நாங்க வண்டியைப் பூட்டறோம்."

வேறு பட்டு எடுத்து வரலாமா என்று யாரோ அருமைக்காரரின் காதில் கத்தினார்கள். அருமைக்காரர் கையை உயர்த்தினார். "கூடையில இருந்து வந்ததுதான் கூறை. வேற துணி ஆகாது. எது முழுசா இருக்குதோ அதை உள்ள அனுப்புங்க."

முழுசாக இருந்தது பச்சை. அதன் முனை இன்னும் என் வாயில் இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். "தாராளமாக் கட்டட்டும். ஆனா அது என்ற சேலை. இணைச்சீருக்கு நான் நின்னாத்தான் அது உள்ள போகும். இல்லீன்னா மடிச்சு எடுத்துக்கிட்டு ஜீப்புல ஏறிருவன்."

"ஊர் முன்னால மிரட்டறயா?" என்றாள் பெரியம்மா.

"ஆமாங்கம்மா."

அப்போது பெரியப்பா வெற்றிலையைத் துப்பினார். அந்தக் குடும்பத்தின் எந்தச் சண்டையிலும் அவர் துப்பிவிட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"நில்லு கண்ணு," என்றார்.

அவ்வளவுதான். பெரியம்மா கத்தியோடு அவர் பக்கம் திரும்பினாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அக்கா அந்தக் கத்தியை அம்மா கையிலிருந்து வாங்கி, நூல் கற்றையைத் தேடிப் பிடித்து, சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறுத்தாள். பச்சையின் ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்து மறுமுனையை அவள் பிடித்தாள். நான் இறங்க மறுத்தேன். ஒட்டியாணத்தை முழங்காலில் மாட்டிக்கொண்டு அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் என்னை உதறவில்லை. கக்கத்தில் குடையை இடுக்குகிற மாதிரி இடுக்கிக்கொண்டாள். என் மூக்கு அவள் கட்டியிருந்த சேலையில் அழுந்தியது. ஏலக்காய் வாசம். அடைத்த மூக்கையும் தாண்டி வந்தது. கண்ணுக்கு நேரே அந்தச் சேலையின் ஓரம். அதில் பொடிப்பொடியாக ஓட்டைகள், வரிசையாக.

பழிவாங்க நல்ல சமயம் என்று நினைத்தேன்.

"அக்கா, உன்ற சேலையைப் பூச்சி அரிச்சிருக்குது."

சடங்குக்கு நடுவில் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "போயி உன்ற பெரியம்மாகிட்டச் சொல்லு," என்றாள்.

சொன்னேன். போய்ச் சொன்னதும் பெரியம்மா ஒரு அறை விட்டாள். எதற்கு அறைந்தாள் என்று எனக்குப் பல வருஷம் தெரியவில்லை. நான் வாங்கிய அடிகளில் காரணம் தெரியாத அடிகளே அதிகம் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மணப்பெண் பச்சையும் சிவப்பும் மாறி மாறி அடிக்க வந்து உட்கார்ந்தாள். தாலி கட்டியானது. அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப் ஏறினாள்.

சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் புத்தி அப்படித்தான் போகும். அதற்கப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா வந்தாள். வாசலில் உரிமையோடு செருப்பைக் கழற்றிப் போட்டாள். உள்ளே போய் உரிமையோடு சண்டை போட்டாள். கொண்டுவந்த தண்ணீரையே குடித்துவிட்டுத் திரும்பினாள். யாரோ முழங்கையில் இடித்ததால்தான் கத்தி தவறியது என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். அந்த யாரோ நான்தான் என்று பிறகு சேர்த்துக்கொண்டாள். சிவப்புத் துண்டுகளை ஒட்டுப்போட்டு எனக்கு ஒரு பாவாடை தைத்தார்கள். நடந்தால் ஒட்டு ஒட்டாகப் பிரியும். அது எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. முட்டுகிற எருமை தின்றிருக்கும்.

எனக்குக் கல்யாணமாகி, அதே வளவில் பிறந்த வீட்டிலேயே குடித்தனம் வைத்து, பிள்ளைகள் வளர்ந்து, நாற்பதைத் தாண்டிய ஒரு மத்தியானம், மகனின் சட்டைக்குப் பித்தான் வைக்க உட்கார்ந்தேன். நூல் ஊசிக்குள் போகவில்லை. ஊசியைத் திட்டினேன். நூல் விற்ற கடைக்காரனைத் திட்டினேன். கையை முழுசாக நீட்டி, கண்ணைச் சுருக்கி, ஊசியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போது என் கையைப் பார்த்தேன். அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. அக்காவின் கல்யாணத்தில் கூறையை அப்படித்தான் ஒருத்தி நீட்டிப் பிடித்திருந்தாள்.

ஊசியைக் கீழே போட்டுவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

எவ்வளவு பெரிய சண்டை! மலைக்கும் எருத்தேன்பதிக்கும் நடுவில் ஒரு தலைமுறை நீண்ட சண்டை. ஒரு பொம்பளைக்குக் கிட்டே இருப்பது மங்கலாகத் தெரிந்ததுதான் காரணம். தனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வதைவிட அவளுக்குச் சம்பந்தி வீட்டையே பொய்யர்கள் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. நான் மறுநாளே கண்ணாடி வாங்கினேன். புத்தி வந்து அல்ல, பயத்தில்.

பெரியம்மா ரொம்ப நாள் இருந்தாள். கெட்ட குணத்துக்கு ஆயுசு அதிகம். கண்ணில் பூ விழுந்து ஒன்றுமே தெரியாமல் போனபிறகுதான் பாலக்காட்டு ஆசுபத்திரிக்கு வரச் சம்மதித்தாள். ஆபரேஷன் முடிந்தது. கட்டைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிவிட்ட நர்ஸ், "அம்மச்சீ, இனி எல்லாம் தெளிஞ்ஞு காணாம்," என்றாள். இனி எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று அர்த்தம். பெரியம்மா முதலில் பார்த்தது என்னை.

"ஏண்டி, உனக்கு மீசை மொளச்சிருக்குது!"

நான் வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, பெரியம்மாவுக்குக் கண்ணு வந்துருச்சு. அந்தச் சேலை இருக்குதா?" என்றேன்.  "இருக்குது. அம்மாவை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வாரன்," என்றாள்.

வந்தாள். அவளுக்கும் தலை நரைத்து, முட்டி தேய்ந்து, படியேற ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டாள். பையிலிருந்து அந்தக் கூறையை எடுத்துப் பெரியம்மாவின் மடியில் வைத்தாள். ஏலக்காய் வாசம் வீடு முழுக்க வந்தது.

பெரியம்மா சேலையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரி செய்தாள். ஓரத்தைக் கையில் எடுத்து, இந்த முறை தூரத்தில் பிடிக்காமல், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு ஓரம் முழுக்க விரலால் தள்ளிக்கொண்டே பார்த்தாள். சேலையைத் திருப்பிப்போட்டு அடுத்த ஓரத்தையும் பார்த்தாள். அவசரமே இல்லை. அக்கா முட்டி வலியோடு நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அத்தனை வருஷமும் நின்றாள், இன்னும் கொஞ்சம் நிற்பதற்கு என்ன?

"ஓட்டை இருக்குது," என்றாள் பெரியம்மா.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பூச்சி அரிச்சிருக்குது. மலைக்காரங்களுக்கு ஒரு துணியைப் பத்தரமா வெக்கத் தெரியுதா பாரு."

நான் அக்காவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்தாள். சேலையை எடுத்து நிதானமாக மடித்தாள். அப்புறம் கையை நீட்டி அம்மாவின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். அதைச் சேலை மடிப்புக்குள் வைத்து, இரண்டையும் பைக்குள் போட்டாள்.

"ஏய், கண்ணாடியக் குடுறி! டிவி பாக்கோணும்!"

"எதுக்குங்கம்மா அது? அது இல்லாமயே எல்லாத்தையும் நல்லாத்தான பாத்தீங்க."

செருப்பை மாட்டினாள். போய்விட்டாள்.

அண்ணன் வேறு கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் பெரியம்மா. வாங்கினால் அது இல்லாமல் தெரியவில்லை என்று ஆகிவிடும். கடைசிவரை கையை நீட்டி, கண்ணைச் சுருக்கித்தான் உலகத்தைப் பார்த்தாள். எதிர் வீட்டிலிருந்து தினமும் சத்தம் வரும்.

"ஏ புள்ளே, இந்த ஊசியைக் கோத்துக் குடு. எனக்குச் சோலி கெடக்குது."

பேரன் எடுத்துவிட்ட புள்ளை நான், போனேன். என் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டுதான் போனேன். கோர்த்துக் கொடுத்தால், "இத்தனை நேரமா?" என்றாள்.